இருக்கட்டும்

அவருடைய பெயரை எழுதமாட்டேன். மறந்துபோனதால் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, அதற்குப் பதில் இது. என் பெயர் ஜெசிந்தா. வாயில் நுழையாத பெயர் இல்லை. ஆனாலும் நான் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நின்ற காலம் முழுக்க அவர் என்னை 'நெட்டி' என்றே கூப்பிட்டார். விரலை மடக்கி இழுத்தால் டக்கென்று கேட்குமே, அந்த நெட்டி. "நெட்டி, இஞ்ச வாங்கோ. நெட்டி, அங்கால தள்ளி நில்லுங்கோ." அவமானத்தைக்கூட மரியாதைப் பன்மையில்தான் தருவார்.

தன் பெயர் என்றால் அவருக்கு உயிர். அறைக் கதவில் பித்தளையில் அந்தப் பெயர். வெள்ளைக் கோட்டில் நீல நூலால் அந்தப் பெயர். தேநீர்க் கோப்பையிலும் அந்தப் பெயர்தான். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, பெயரை மட்டும் விட்டுவிடுவதில் எனக்கு என்ன இனிப்பு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எல்லோரும் கூப்பிட்டதுபோல மேடம் என்றே வைத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர் ஆஸ்பத்திரி என்பதற்கு மேல் இடத்தையும் கேட்காதீர்கள்.

மேடம் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். நான் மலேசியாவில் கைரோபிரக்டிக் படித்துக்கொண்டிருந்தேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் மருந்தும் கத்தியும் இல்லாமல் கையால் சரிப்படுத்துகிற படிப்பு அது. கடைசி வருடத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், டொக்டர்மாரோடும் பிசியோக்காரரோடும் ஒன்றாக நின்று நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். பொறுப்பான நிபுணர் கடைசியில் சரி என்று சொன்னால்தான் பட்டம். ஊரிலேயே செய்யலாம் என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். முதுகு பார்க்கிற நிபுணர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். மேடம் மட்டும், "என்ர வார்ட்டுக்கு அனுப்பிவிடுங்கோ" என்றாராம். அம்மா அன்றைக்கே மாதா கோயிலுக்குப் போய் மேடத்தின் பெயரால் மெழுகுதிரி கொளுத்தினாள். அந்த மெழுகுதிரியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நாள் காலை வார்ட் பார்வை. பயிற்சி டொக்டர்மார், தாதிமார், பிசியோ, கடைசியில் நான். முதல் கட்டிலில் இருந்தவர் இருமியபோது தலையணையைச் சரிப்படுத்தக் கை நீட்டினேன்.

"கை!"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கையைப் பின்னால கட்டுங்கோ, நெட்டி. அந்தக் கை இஞ்ச ஒருத்தரிலயும் படக்கூடாது. கண்ணால பாருங்கோ, காதால கேளுங்கோ, உங்களுக்கு அது காணும்."

அன்றிலிருந்து அதுதான் என் பயிற்சி. பயிற்சி டொக்டர்மார் காயம் கட்டினார்கள், மூட்டை அசைத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். நான் கட்டில் காலடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல நின்றேன். கொஞ்சம் கை தளர்ந்தால் போதும், முதுகுக்குக் கண் வைத்தவர்போல "கை!" என்பார். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும்; வாசலில் புல் மேயும் அவைகூடச் சாவகாசமாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எனக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை.

மேடத்திடம் ஒரு சொல் இருந்தது. 'இருக்கட்டும்.' எங்கள் ஊரில் இதற்குப் பல உபயோகம். சோறு போட வருகிறவரிடம் போதும் என்பதற்கும் இருக்கட்டும். காலை மிதித்தவர் பதறினால் பரவாயில்லை என்பதற்கும் இருக்கட்டும். மேடத்தின் வாயில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: உனக்கு வைத்திருக்கிறேன். குரலை உயர்த்தாமல், கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வார். கேட்டவருக்கு அன்றிரவு நித்திரை வராது.

கன்டீன்காரரின் கதையை வார்ட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் மேடம் ரோல்ஸ் கேட்க, அவர் முடிந்துவிட்டது என்றாராம். பின்னால் வந்த ஆண் டொக்டர் ஒருவருக்கு அடியிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுத்திருக்கிறார். மேடம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கன்டீன்காரருக்குத் தோள் இறுகிக் கை தூக்க முடியாமல் போய், மேடத்தின் கிளினிக்குக்கு வந்தார். நம்பர் கேட்டார். "முடிஞ்சுது" என்றார் மேடம். காலையிலிருந்து வாங்கில் இருத்தி வைத்து, எல்லோரும் போன பிறகுதான் உள்ளே கூப்பிட்டார். அதன் பிறகு செய்த வைத்தியத்தில் ஒரு குறை சொல்ல ஏலாது. தானே ஊசி போட்டு, தானே பயிற்சி காட்டி, கை நேராகும்வரை விடவில்லை.

"மேடம் ஆளோட கோவிப்பா. எலும்போட கோவிக்கமாட்டா," என்று வார்ட்டின் மூத்த தாதி எனக்குச் சொன்னாள். அவள்தான் மேடம் என்னை ஏன் கூப்பிட்டார் என்பதையும் சொன்னவள். பஞ்சும் துணியும் மடித்துக்கொண்டே, சத்தமில்லாமல் சொன்னாள்.

மேடத்துக்கு ஒரே தம்பி. வாய் ஓயாத கதைகாரன், ஊர் முழுக்கச் சிநேகிதர். முடி வெட்டப் போனால் கடைசியில் சலூன்காரர் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி டக் டக்கென்று நெட்டி எடுத்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் முடி வெட்டியதுபோலவே அவருக்கு இருக்காது. ஒரு சனிக்கிழமை அப்படித் திருப்பியபோது கழுத்துக்குள் இரத்தக் குழாய் கிழிந்து, வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பக்கவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் மிஞ்சியது.

"சலூன்காரரை என்ன செய்தவ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்ல. இருக்கட்டும் எண்டா. அடுத்த மழைக்கு அந்தாள் சைக்கிளால விழுந்து மணிக்கட்டை முறிச்சுக்கொண்டு இஞ்சதான் வந்தது. வேற ஆக்களை விடாமல் மேடமே ஒப்பரேஷன் செய்தவ. முந்தினதை விட நல்லாக் கத்தரிக்கோல் பிடிக்குது இப்ப. துண்டு வெட்டி வீட்ட அனுப்பேக்க ஒண்டு சொன்னா, ஒவ்வொரு ஞாயிறும் வீட்ட வந்து தம்பிக்கு முகம் வழிக்க வேணும் எண்டு. இண்டைக்கும் போகுது. அந்தக் கோணின வாயைப் பாத்துப் பாத்து வழிக்குது, பாவம்."

என்னை அவர் எடுத்தது படிப்பிக்க இல்லை என்று அப்போது விளங்கியது. சலூன்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை. கழுத்தைத் திருப்புகிற முழுத் தொழிலுக்கும் கிடைத்த ஆள் நான்.

அழுதேன் என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம் வந்தது. சலூனில் தொழில் பார்த்தவர் எங்கே, கழுத்தில் எந்தெந்தக் குழாய் எப்படி ஓடுகிறது, யாருடைய கழுத்தைத் தொடவே கூடாது என்று வருடக்கணக்கில் படித்த நான் எங்கே! நானும் மனதுக்குள் இருக்கட்டும் சொல்லத் தொடங்கினேன். கையைத்தானே கட்டலாம், வாயைக் கட்ட ஏலாதே. நோயாளிகளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எங்கே நோகுது, எப்படி நோகுது, குத்துதா எரியுதா, அந்தச் சொல்லை நீங்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள். புல்மோட்டை மண் தொழிற்சாலைக்காரர் 'இழுக்குது' என்றால் ஒன்று, கிளிவெட்டி வயல்காரி 'இழுக்குது' என்றால் இன்னொன்று. இதெல்லாம் என் கை கட்டிக் கிடந்ததால் வந்த பழக்கம். அந்தப் புண்ணியத்தை மேடத்தின் கணக்கில் எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் உண்மை அதுதான்.

பயிற்சி முடியும் காலம் நெருங்கியது. ஒரு நாள் எக்ஸ்ரே வெளிச்சத் தட்டின் முன்னால் நின்று மேடம் பயிற்சி டொக்டர்மாருக்குக் கழுத்தெலும்பை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். முடிவில் என்னைக் காட்டி, "இதை முறிக்கிறதுக்கும் இப்ப ஒரு படிப்பு வந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குள் ஏதோ அறுந்தது.

"சலூன்காரர் முறிச்சதுக்கு நான் ஏன் மேடம் கை கட்டி நிக்க வேணும்?"

சிரிப்பு நின்றது. மூத்த தாதி வாயில் கை வைத்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார், கோட் நுனியால் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"இருக்கட்டும்," என்றார்.

அது மறுநாளே வந்தது. அவர் ஒருபோதும் இப்படி அவசரப்பட்டதில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். தம்பியின் கதையை நான் பொதுவில் இழுத்தது அவ்வளவு சுட்டிருக்கிறது.

குச்சவெளியிலிருந்து ஒரு மீன்பிடி ஐயா முந்தின நாள் பின்னேரம் வந்து சேர்ந்திருந்தார். வள்ளம் தள்ளும்போது நாரி பிடித்துக்கொண்டதாம். நாரி என்றால் எங்களுக்கு இடுப்பின் பின்பக்கம். அவரைச் சேர்த்துக்கொண்டது ஹட்டனிலிருந்து வந்த பயிற்சி டொக்டர், நல்ல தம்பி, என்னோடு சாப்பாடு பகிர்கிறவன். மேடம் சத்திரசிகிச்சையில் இருந்ததால் அவரை இன்னும் பார்க்கவில்லை. காலைப் பார்வையில் அந்தத் தம்பி ஆங்கிலத்தில் ஒப்புவித்தான்: நாரியில் கடும் நோ, இரண்டு காலுக்கும் இறங்குகிறது, உட்காரும் இடத்தில் இறுக்கம்.

மேடம் ஐயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இறுக்கமாம். உங்கட சாமான்தானே? கையை அவிழ்க்கலாம், நெட்டி. இந்த நாரியைத் திருப்பிக் காட்டுங்கோ. எல்லாரும் பாக்கட்டும். அந்தச் சத்தத்தையும் கேக்கட்டும்."

எத்தனையோ நாள் நான் ஏங்கிய வார்த்தை. இதைச் செய்து ஐயா எழுந்து நடந்தால் என் பட்டம் என் கையில். அவர் வலியில் கத்தினால், எல்லோருக்கும் முன்னால் என் படிப்பு நாறும். மேடம் எதற்காகக் காத்திருந்தார் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கையை முன்னால் கொண்டுவந்தேன். ஐயாவிடம் குனிந்து, பழக்க தோஷத்தில் கேட்டேன்.

"ஐயா, இருக்கிற இடத்தில என்ன செய்யுது?"

"விறைச்சுப் போச்சுப் பிள்ளை."

"விறைப்பெண்டால்? இறுக்கிப் பிடிச்சிருக்கோ?"

"இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டா விறைக்குமே, அப்பிடி. கதிரையில இருந்தால் கதிரை தெரியேல்ல. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், ராத்திரியில இருந்து சலம் போறதும் தெரியேல்ல."

என் கை தானாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

மருத்துவம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாரியில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி, கீழே இறங்கும் நரம்புக் கட்டு முழுவதையும் நசுக்கும்போதுதான் அந்த இடம் உணர்வு அற்றுப்போகும், சலம், அதாவது சிறுநீர், போவது தெரியாது. உடனே வெட்டி நெருக்கலை எடுக்காவிட்டால் மனுஷன் ஆயுள் முழுக்க அப்படியே. அந்த நாரியைப் பிடித்துத் திருப்பியிருந்தால் மிச்சமிருந்ததும் நசுங்கியிருக்கும்.

"நான் தொடமாட்டன் மேடம்," என்றேன். வார்ட் கடைசிக் கட்டிலுக்கும் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினேன். "இது இறுக்கம் இல்லை. உணர்ச்சி இல்லாமல் போயிருக்கு. ஒருத்தரும் தொடக்கூடாது."

ஹட்டன் தம்பி வெளிறிப்போனான். "எங்க ஊருல விறைப்புன்னா முறுக்கிக்கிட்டு நிக்கிறது மேடம். இதுக்கு நாங்க மரத்துப்போச்சுன்னுதான் சொல்லுவோம்."

மேடம் அவனைத் திட்டவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, குண்டூசியால் தானே பரிசோதித்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை. எலும்போடு கோபிக்காத மனுஷி அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நோயாளியின் நாரியைத் தன் கோபத்துக்குத் தடியாக எடுத்திருந்தார். அது அவருக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. ஐயாவை நினைத்து நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. மேடத்தின் முகம் செத்துப்போனதைப் பார்த்து உள்ளுக்குள் துள்ளியதும் உண்மை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் நடந்தன.

அந்த நரம்பு ஒப்பரேஷன் கண்டியில்தான். அங்கே அனுப்ப அம்புலன்ஸ் வந்தது. தாதி ஒருத்தி போவதுதான் வழக்கம். மேடம் கோட்டைக்கூடக் கழற்றாமல் தானே ஏறி ஐயாவின் பக்கத்தில் இருந்துகொண்டார். அங்கே அன்றைக்கே ஒப்பரேஷன் நடந்தது. சில கிழமைக்குப் பிறகு ஐயா வார்ட் வாசலில் வந்து நின்று, கைநிறையக் கருவாட்டோடு, "பிள்ளை, எல்லாம் தெரியுது" என்று சிரித்தார். மேடம் அந்த நேரம் ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சொல் வந்ததா? இல்லை. மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. நான் தேறிவிட்டேன் என்று கல்லூரிக்குச் சொன்னார், அவ்வளவுதான். கடைசி நாள் வார்ட்டில் கேக் வெட்டினார்கள். மேடம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "நெட்டி போறா" என்றார். பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் அன்றைக்கே மறந்திருப்பேன். ஒரு 'ஜெசிந்தா' சொல்ல என்ன கேடு வந்தது? நானும் சிரித்துக்கொண்டே கேக்கைத் தின்றேன். இருக்கட்டும் என்றேன், மனதுக்குள்.

வருடங்கள் போயின. துறைமுகத்துக்குப் பின்வீதியில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள், கிண்ணியா வியாபாரிகள், நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிகிற பெண்கள் என்று ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் ஒரு புதன்கிழமை வாசலில் ஓட்டோ வந்து நின்றது. முதலில் வயதான ஒருவர் இறங்கி, உள்ளே இருந்தவரைத் தூக்கிச் சக்கரநாற்காலியில் இருத்தினார். மற்றப் பக்கத்தால் மேடம் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. நடை மட்டும் அதே நடை.

"தம்பி," என்றார், சக்கரநாற்காலியைக் காட்டி. "இடது தோள் இறுகிப்போச்சு. ராத்திரி முழுக்க நோகுதெண்டு அழுகிறான். பிசியோ எல்லாம் பாத்தாச்சு."

தம்பி கோணல் வாயால் சிரித்தார். "தங்கச்சி, அக்கா உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பா. இவர்தான் என்ர சலூன்காரர். ஞாயிறு மட்டும் வரச்சொன்னது, இப்ப எல்லா நாளும் வாறார். வீட்டில எனக்குக் கதைக்க வேற ஆக்கள் இல்லை."

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பியிடம் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். பழைய படங்களைப் பார்த்தேன். கழுத்துப் பக்கமே போகமாட்டேன், தோளை மட்டும் மெதுவாக அசைத்துப் பார்க்கிறேன் என்று விளங்கப்படுத்தினேன். அவரைக் கட்டிலில் படுக்க வைத்ததும் மேடம் பக்கத்தில் வந்து தோளுக்குக் கீழே கை கொடுக்கக் குனிந்தார்.

"கை!" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"கையைப் பின்னால கட்டுங்கோ, மேடம். காலடியில நில்லுங்கோ. கண்ணால பாருங்கோ, காணும்."

நான் இந்த ஒரு வரியை எத்தனை வருடம் வாயில் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. மேடம் கட்டில் காலடிக்குப் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்றால் அப்படிக் குளிர்ந்தது.

தோளைத் தாங்கிப் பிடித்து, அந்த மனுஷனின் மூச்சோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். நெட்டிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. செத்த கை நோகாமல் அவருடைய காது மட்டத்துக்கு உயர்ந்தது. "அக்கா, பாருங்கோ, நோகேல்ல," என்று தம்பி சொன்னபோது, மேடத்தின் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து அவரை நோக்கி வந்துவிட்டன.

"கை," என்றேன் மறுபடியும். இந்தத் தடவை குரல் எனக்கு அவ்வளவாக எழும்பவில்லை.

அவர் கையைத் திரும்பப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது. துடைப்பதற்குக் கை இல்லை. நானும் துடைத்துவிடவில்லை.

போகும்போது வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும், நெட்டி," என்றார்.

அந்தச் சொல்லின் மூன்று அர்த்தத்தில் எதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு புதனும் வருகிறார். சொல்லாமலே காலடியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தம்பியின் கை இப்போது காதைத் தாண்டிவிட்டது. இதை எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லத்தான் போகிறேன். வாசித்துப் பார்க்கட்டும். என் பெயரை அவர் வாயால் ஒரு தடவை சொல்லட்டும், அதே நிமிடம் அவர் பெயரை மேலே தலைப்பாகவே போட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்.